வரப்பைப் படமெடுத்த ஜெயக்கொடி

ஜெயக்கொடி காமிரா வாங்கியது ஆசைப்பட்டு அல்ல, கொழுந்தன் உக்கிரபாண்டி மேலிருந்த ஆத்திரத்தில். அதுவரை அவளையே ஒரு தடவைதான் யாரோ படம் எடுத்திருந்தார்கள், கல்யாணத்தன்று. அதிலும் கண்ணை மூடிவிட்டாள்.

திருமங்கலத்துக்கு மேற்கே பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் அவள் ஊர். கரிசல் காடு. புருசன் காளை எழுபத்தைந்தாம் வருசம் பருத்தி மூட்டை ஏற்றிப்போன லாரியிலிருந்து விழுந்து செத்துப்போனான். பிள்ளை இல்லை. ஒன்றரை ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் பம்புசெட்டும் மிஞ்சின. ஒட்டினாற்போல் இருந்த நிலம் காளையின் தம்பி உக்கிரபாண்டியுடையது. கருமாதிப் பந்தலைப் பிரித்த அன்றே அவன் பேச்சை ஆரம்பித்துவிட்டான்.

"மதினி, ஒத்தப் பொம்பள எதுக்கு இந்த வெயில்ல கெடந்து வேகுறீக? நெலத்தை எங்கிட்ட விட்டுட்டு நிம்மதியா ஒக்காந்து சாப்பிடுங்க."

"நிம்மதியை நீயே வச்சுக்க. எனக்கு நெலம் போதும்."

அதற்குப் பிறகு அவன் வாயால் கேட்கவில்லை, கலப்பையால் கேட்டான். ஒவ்வொரு உழவுக்கும் இரண்டு நிலத்துக்கும் நடுவே ஓடும் வரப்பு ஒரு சாண், ஒன்றரைச் சாண் என்று அவள் பக்கம் நகர்ந்தது. சர்வேயர் வந்து நட்டுவிட்டுப் போன கல் பதினைந்தாம் நாள் காணாமல் போனது. கேட்டதற்கு, "கல்லு என்ன மதினி, காலு மொளச்சு நடந்திருக்கும்" என்றான்.

அவள் திருமங்கலம் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டாள். வழக்கு முடியும்வரை வரப்பில் யாரும் மண்வெட்டி வைக்கக்கூடாது என்று எழுபத்தெட்டு ஆடியில் தடை உத்தரவு வந்தது. ஆவணியில் முதல் மழை விழுந்ததும் உக்கிரபாண்டி உத்தரவையும் சேர்த்து உழுதான்.

வக்கீல் சாம்பசிவம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவன் நகத்தினான்னு நீ சொல்றே. வரப்பு எப்பவுமே அங்கேதான் இருந்துதுன்னு அவன் சொல்லுவான். சாட்சி யாரு?"

"ஊரே பாத்துச்சுய்யா."

"ஊர் கூண்டேறி நிக்காது. யாராவது ஒருத்தர் பேர் சொல்லு."

அவள் வீடு வீடாகப் போனாள். ஊர்ப் பெரியவர் ஆண்டிச்சாமி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "குடும்பச் சண்டைக்குள்ள ஊரு தலையிடாது ஆத்தா" என்றார். அவர் நிலத்துக்கு ஆவணியில் ஏர் ஓட்டியவனே உக்கிரபாண்டிதான். மற்றவர்கள் அவ்வளவுகூடச் சொல்லவில்லை.

மறுபடி வக்கீலிடம் வந்து நின்றபோது அவர், "போட்டோ இருந்தா பேசிப் பார்க்கலாம். ஒரே எடத்துலேர்ந்து முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. போட்டோ பொய் சொல்லாது. மனுஷா சொல்லுவா" என்றார்.

திருமங்கலம் பஸ் ஸ்டாண்டு அருகே ஸ்டுடியோ வைத்திருந்த பால்பாண்டி, வருவதாகச் சொல்லி நாள் குறித்தான். அந்த நாளில் வரவில்லை. போய்க் கேட்டபோது கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "அக்கா, ஒங்க ஊருக்கு நான் வரல. ஒங்க கொழுந்தன் வந்துட்டுப் போனாரு. எனக்குக் கையும் காலும் வேணும்" என்றான்.

"அப்ப நானே எடுத்துக்கிறேன்."

பால்பாண்டி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளை மதுரைக்கு பஸ் ஏற்றிவிட்டது.

சாம்பசிவத்தின் மச்சினர் பஞ்சாபகேசன் கே.கே. நகரில் இருந்தார். கல்லூரியில் ரசாயனம் சொல்லிக்கொடுப்பவர். கைக்கடக்கமாக ஒரு சின்ன பிலிம் காமிரா வாங்கிவிட்டதால் பழைய இரட்டைக் கண் காமிராவை விற்கப்போவதாக வக்கீல் சொல்லியிருந்தார். ஜெயக்கொடி இரண்டு கிடாய்களை விற்ற பணத்தை மடியில் முடிந்துகொண்டு போய் நின்றாள். அவர் அவளை உள்ளே கூப்பிடவில்லை. ஸ்கூட்டர் நிற்கும் இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் காமிராவை வைத்தார்.

"இதை வச்சுண்டு நீ என்ன பண்ணப்போறே?"

"வரப்பை எடுக்கப் போறேன் சாமி."

"வரப்பையா!" அவர் வீட்டுக்குள் இருந்த மனைவியிடம் திரும்பி, "ஸ்யாமளா, கேட்டியா? வரப்பை எடுக்கப்போறாளாம்" என்றார்.

அரை மணி நேரம், பரீட்சையில் தோற்றவனிடம் பேசும் குரலில் சொல்லிக்கொடுத்தார். மேல் கண் பார்ப்பதற்கு, கீழ்க் கண் பிடிப்பதற்கு. காமிராவை முகத்துக்குக் கொண்டுபோகக்கூடாது. வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேலே மூடியைத் திறந்து, குனிந்து கண்ணாடியில் பார்க்க வேண்டும். பிலிம் சுருளின் முதுகில் கறுப்புத் தாள் ஒட்டி வரும். நிழலில்தான் மாட்ட வேண்டும். தாளில் உள்ள அம்புக்குறி சிவப்புப் புள்ளிக்கு நேரே வந்ததும் மூடிவிட வேண்டும். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். பதின்மூன்றாவது கிடையாது.

அவள் குனிந்து பார்த்தாள். கண்ணாடிச் சதுரத்துக்குள் எதிர்வீட்டு கேட்டும் அசோக மரமும் பளிச்சென்று நின்றன. மரத்தை நடுவில் கொண்டுவர வலது பக்கம் திரும்பினாள். மரம் நடுவுக்கு வராமல் இன்னும் ஓரத்துக்கு ஓடியது.

பஞ்சாபகேசன் காத்திருந்தவர் போலச் சிரித்தார். "எல்லாரும் அங்கேதான் முழிப்பா. கண்ணாடியிலே இடம் வலமாத் தெரியும். காலேஜ் பசங்களுக்கே பழக ஒரு மாசம் ஆகும்."

ஜெயக்கொடி மறுபடி திருப்பினாள். பாரவண்டியைப் பின்னுக்குத் தள்ளுவது போலத்தான் இது என்று பட்டது. வண்டியின் பின்புறம் இடது பக்கம் போகவேண்டுமானால் நுகத்தை வலது பக்கம் ஒடிக்க வேண்டும். பத்து வயதிலிருந்து செய்த வேலை. மூன்றாம் தடவை மரம் நடுவில் வந்து நின்றது.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "நாளைக்குத் திருப்பிக் கொண்டுவந்தா வாங்கிக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

பத்து நாள் பிலிம் இல்லாமலே பழகினாள். தூரத்தைப் பார்த்துத் திருகுவது, வேகத்தை வைப்பது, விசையை இழுத்துப் பிடித்து அமுக்குவது எல்லாம் பழக்கமானது. பிலிம் டப்பாவுக்குள் ஒரு சின்னத் தாள் இருந்தது. வெயிலுக்கு எது, மேகத்துக்கு எது என்று படம் போட்டுக் காட்டியிருந்தது. அஞ்சாங் கிளாஸ் படிப்பு அந்த எண்களுக்குப் போதுமாக இருந்தது. பம்புசெட் தொட்டியின் மூலையில் காமிரா உட்காரும் இடத்தை உளியால் கீறி அடையாளம் வைத்தாள். அங்கிருந்து பார்த்தால் வரப்பு நேரே ஓடும். இடது பக்கம் அவள் நிலம், வலது பக்கம் உக்கிரபாண்டி நிலம். வரப்பின் அந்தக் கோடியில் ஒரு பனைமரம். பதினைந்து அடி தள்ளி ஒரு குச்சியை ஊன்றி, அன்றைய பேப்பரை அதில் விரித்துக் கட்டினாள். தேதிக்கு அதுதான் சாட்சி என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

முதல் சுருள் ஐப்பசியில் முடிந்தது. கழுவுவதற்கு பால்பாண்டியை விட்டால் பக்கத்தில் வேறு ஆள் இல்லை. கொடுத்தாள். நான்கு நாள் கழித்து அவன் ஒரு நீளப் பட்டையைக் கொடுத்தான். தார் பூசினாற்போலக் கறுப்பு.

"ஒண்ணுமே விழலக்கா. இது பொம்பளைக்கு வர்ற வேலையா?"

அந்தப் பட்டையைச் சுருட்டி முந்தானையில் வைத்துக்கொண்டு கே.கே. நகருக்குப் போனாள். காமிராவைத் திருப்பித் தரத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்த பஞ்சாபகேசன் கேட்டைக்கூடத் திறக்கவில்லை. கம்பிக்கு மேலாகப் பட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இதைக் கழுவினவன் யாரு?"

சொன்னாள்.

"நீ தப்பாவே எடுத்திருந்தாலும் ஓரம் சுத்தமா இருக்கணும். இங்கே பிலிம் நம்பர்கூடத் தெரியலை. ஓரத்தோட கறுத்திருக்கு. கழுவறதுக்கு முன்னாடியே வெயில்லே பிரிச்சுக் காமிச்சிருக்கான் அயோக்கியன்." கேட்டைத் திறந்தார். "உன் வரப்பு எக்கேடோ கெட்டுப் போகட்டும். எனக்கு அதைப் பத்திக் கவலையில்லை. ஆனா பிலிமை ஒருத்தன் வேணும்னே வெளிச்சத்திலே பிரிச்சான்னா எனக்கு வயிறு எரியறது. உள்ளே வா."

அன்றைக்கு ஸ்யாமளா காப்பி கொடுத்தாள், தனி டம்ளரில். ஜெயக்கொடி அதைக் குடிக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டு, அவர் சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டாள். அவர் மருந்துப் பொட்டலங்களைக் கட்டிக் கொடுத்தார். எதை எவ்வளவு தண்ணீரில் கரைக்க வேண்டும், எத்தனை நிமிஷம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தண்ணீர் சூடாக இருந்தால் பிலிமின் பூச்சு வெந்துவிடும் என்று இரண்டு தடவை சொன்னார்.

இரண்டாவது சுருளை எடுத்து முடித்து, வீட்டிலேயே கழுவினாள். பருத்தி விதை வைக்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவிடுக்கில் சாக்கைத் திணித்தால் உச்சி வெயிலிலும் கை தெரியாது. மண்பானைத் தண்ணீரில் மருந்தைக் கரைத்து மூன்று பீங்கான் தட்டுகளில் ஊற்றி வரிசையாக வைத்தாள். இருட்டில் தாளைப் பிரித்து பிலிமைத் தனியே எடுத்து, இரண்டு நுனியையும் இரண்டு கையில் பிடித்து, தொட்டில் கயிறு ஏறி இறங்குவது போல மருந்துக்குள் ஏற்றி இறக்கினாள். எட்டு நிமிஷத்துக்கு எட்டு அறுபது எண்ண வேண்டும். ஐந்தாவது அறுபதில் தோள் விண்ணென்று தெறித்தது. பால்பாண்டியின் சிரிப்பை நினைத்துக்கொண்டு மீதியையும் எண்ணி முடித்தாள்.

மற்ற இரண்டு தட்டிலும் முக்கிய பிறகு கதவைத் திறந்து பட்டையைத் தூக்கிப் பார்த்தபோது வரிசையாகச் சதுரங்கள் இருந்தன. கரிசல் மண் வெளுத்திருந்தது, வானம் கறுத்திருந்தது. இரண்டு இடத்தில் சுற்ற மறந்து ஒன்றின் மேலேயே இன்னொன்றை எடுத்திருந்தாள். அங்கே பனைமரம் இரண்டாக நின்றது. மற்றதெல்லாம் சுத்தம். பஞ்சாபகேசன் அதைப் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். நெகட்டிவ் பெரிது என்பதால் பேப்பரின் தலைப்பு எழுத்து ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தது. பாராட்டு எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. "அடுத்த தடவை சுத்த மறக்காதே" என்றார்.

அது மார்கழி. தை பிறந்ததும் ஊர் அவளைச் சாவடிக்கு அழைத்தது. அவள் கிணற்றில் குளிக்கும் பெண்களை எல்லாம் படம் பிடித்து மதுரையில் விற்கிறாள் என்று பேச்சு கிளம்பியிருந்தது. கிளப்பியது யார் என்று கேட்க வேண்டியதில்லை. உக்கிரபாண்டி தூணில் சாய்ந்து நின்றான். அவன் பெண்டாட்டி அன்னக்கொடி, பெண்கள் கூட்டத்துக்கு முன்னால் நின்று கையை நீட்டிப் பேசினாள்.

"வயசுப் பிள்ளைக குளிக்கிற எடத்துல பொட்டியும் கையுமா நிக்கிறா. புருசன் இல்லாதவளுக்கு இது எதுக்கு?"

"எடுத்ததைக் காட்டு ஆத்தா. இல்லேன்னா பொட்டியைச் சாவடியில வச்சுட்டுப் போ" என்றார் ஆண்டிச்சாமி.

வீட்டில் அரிசிப் பானைக்குள் நல்ல நெகட்டிவ் பத்திரமாக இருந்தது. அதைக் கொண்டுவந்து காட்டினால் ஒரு நிமிஷத்தில் பழி நீங்கிவிடும். அதே நிமிஷத்தில் அவளுக்குப் படம் விழுகிறது என்று உக்கிரபாண்டிக்கும் விளங்கிவிடும். ஜெயக்கொடி வீட்டுக்குப் போனாள். பால்பாண்டி கெடுத்துக் கொடுத்த கறுப்புப் பட்டையை எடுத்துவந்து ஆண்டிச்சாமி மடியில் போட்டாள்.

"நான் எடுத்தது இம்புட்டுத்தேன். இதுல யாரு குளிக்கிறா, பாத்துச் சொல்லுங்க."

பட்டை கைமாறியது. வெளிச்சத்தில் பிடித்தார்கள், திருப்பினார்கள். முதலில் சிரித்தவன் உக்கிரபாண்டி. "எங்க மதினி இருட்டைப் படம் பிடிச்சிருக்குடோய்!" சாவடியே குலுங்கியது. ஆண்டிச்சாமிக்குச் சிரிப்பில் வெற்றிலைச் சாறு நெஞ்சில் வழிந்தது. அவள் தலையைக் குனிந்து நின்றாள். சிரித்து முடித்த பிறகும் ஊர் அவளைச் சும்மா விடவில்லை. ஊரை கோர்ட்டுக்கு இழுக்கப் பார்த்தவள் நிலத்தில் யாரும் கூலிக்கு இறங்கக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டுத்தான் கலைந்தது.

சமயநல்லூரிலிருந்த அவள் அண்ணன் முத்திருளன் நாலு ஆளோடு வந்து பருத்தி எடுத்துக் கொடுத்தான். போகும்போது, "இந்த மண்ணுக்காக இம்புட்டு ஏச்சு வாங்கணுமா? வித்துட்டு எங்கூட வந்துரு" என்றான்.

"வித்தா யாருண்ணே வாங்குவா? அவந்தேன் வாங்குவான்."

சித்திரையில் கோடை உழவு வந்தது. உக்கிரபாண்டி இந்தத் தடவை சாணில் நிற்கவில்லை. ஒரு பாகம், இரண்டு கையையும் விரித்த அகலத்துக்கு உழுது, பழைய வரப்பைக் கரைத்துவிட்டு, அவள் நிலத்துக்குள் புது வரப்பு போட்டுக்கொண்டிருந்தான். ஜெயக்கொடி பஸ் நிற்கும் டீக்கடையில் பேப்பர் வாங்கிவந்து குச்சியில் கட்டினாள். தொட்டி மூலையில் காமிராவை வைத்தாள். அவன் பார்த்துவிட்டான். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பு மேலேயே நடந்து வந்து, நடுவில் நின்றான்.

"என்ன மதினி, இன்னைக்கும் இருட்டுத்தேன் பிடிக்கப் போறீகளா?"

அவள் காமிராவின் மூடியைத் திறந்தாள்.

"எடுங்க, எடுங்க. நல்லா எடுங்க." வேட்டியை மடித்துக் கட்டினான். மண்வெட்டியைப் புது வரப்பில் ஊன்றி, மறு கையால் மீசையை முறுக்கி, மார்பை விரித்து நின்றான். "மாப்ள, நீயும் வாடா" என்று ஏர்க்காரனைக் கூப்பிட்டான். அவன் வரவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டப் போவது போல நகர்ந்துவிட்டான்.

குனிந்து கண்ணாடியைப் பார்த்தாள். கொழுந்தன், மண்வெட்டி, ஈரம் காயாத புது வரப்பு, அந்தக் கோடியில் தனியாக நின்ற பனைமரம், முன்னால் பேப்பர். அமுக்கினாள். சுற்றினாள். மறுபடி அமுக்கினாள். ஐந்து படம் எடுக்கும்வரை அவன் அப்படியே நின்றான்.

வழக்கு எண்பதாம் வருசம் மாசியில் விசாரணைக்கு வந்தது. படங்களைப் பஞ்சாபகேசன் பலகை அளவுக்குப் பெரிதாக்கிக் கொடுத்திருந்தார். எதிர் வக்கீல் அவளைக் கூண்டில் ஏற்றி, சிரித்த முகமாகத்தான் ஆரம்பித்தார்.

"எதுவரைக்கும் படிச்சிருக்கே?"

"அஞ்சு."

"இந்தப் படமெல்லாம் நீயே எடுத்ததா? இல்லே, மதுரையிலே யாராவது எடுத்துக் கொடுத்தாங்களா?"

"நாந்தேன் எடுத்தேன். கழுவுனதும் நாந்தேன்."

அவர் காமிராவை மேஜை மேல் வைக்கச் சொன்னார். மூடியைத் திறந்து நீதிபதி பக்கம் திருப்பிக் காட்டினார். "கனம் கோர்ட்டார் அவர்களே பார்க்கலாம். இந்தக் காமிராவில் இடது வலதாகவும் வலது இடதாகவும் தெரிகிறது. அப்படியானால் படத்தில் வரப்பு இடது பக்கம் நகர்ந்திருப்பதாகக் காட்டுவது உண்மையில் வலது பக்கம் நகர்ந்தது. அதாவது என் கட்சிக்காரரின் நிலத்துக்குள் இந்த அம்மாள்தான் புகுந்திருக்கிறார்."

கோர்ட்டில் சலசலப்பு. சாம்பசிவம் அவசரமாகத் தாள்களைப் புரட்டினார். உக்கிரபாண்டி பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ஜெயக்கொடி மேஜை மேலிருந்த காமிராவைக் காட்டினாள். பிறகு சொன்னாள். "அய்யா, பொரண்டு தெரியுறது மேல இருக்கிற கண்ணாடியில. பிலிமு கீழ்க் கண்ணுல இருக்கு. அது பொரளாது."

"அதை நாங்க எப்படி நம்புறது?"

"படத்துல பேப்பர் கட்டியிருக்கேன். எழுத்து நேரா இருக்கா, பொரண்டு இருக்கான்னு வாசிச்சுப் பாருங்க."

நீதிபதி படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். தலைப்பை வாய்விட்டு வாசித்தார். தேதியையும் வாசித்தார். பிறகு படத்தைத் திருப்பி எதிர் வக்கீலிடம் நீட்டி, "மண்வெட்டியோடு நிற்பது உங்கள் கட்சிக்காரர்தானே?" என்று மட்டும் கேட்டார்.

வரப்பைப் பழைய இடத்துக்கே போட வேண்டும், இனித் தொட்டால் சிறை என்று தீர்ப்பானது. கோர்ட் அமீனா நின்று அளந்து, பனைமரத்தடியில் கல் நட்டுவிட்டுப் போனார். உக்கிரபாண்டி அதற்குப் பிறகு கல்லைத் தொடவில்லை. ஆனால் அவள் எதிரே வந்தால் காறித் துப்பிவிட்டுத்தான் தாண்டிப் போவான். அன்னக்கொடி தண்ணீர்க் குடத்தோடு வருகிறவள், இவளைக் கண்டால் குடத்தைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பிப் போவாள். ஊர் போட்ட கட்டுப்பாட்டை யாரும் எடுக்கவில்லை. அதுவாக இற்றுப்போக இரண்டு வருசம் ஆனது. அதுவரை ஒவ்வொரு வெள்ளாமைக்கும் முத்திருளன் சமயநல்லூரிலிருந்து ஆள் கூட்டி வந்தான்.

தீர்ப்பு விவரம் பக்கத்து ஊர்களுக்குப் போனது. வாய்க்காலை அடைத்துவிட்டான், பாதையை வெட்டிவிட்டான் என்று ஆட்கள் அவளைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அவள் போனாள். காட்டை எடுப்பாள், கரையை எடுப்பாள், இடிந்த சுவரை எடுப்பாள். கல்யாணம், காதுகுத்து என்று கூப்பிட்டால் மட்டும், "ஸ்டுடியோவுக்குப் போங்க" என்று சொல்லிவிடுவாள். மனிதர்களைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

எண்பத்து நாலில் ஆண்டிச்சாமி அவள் வாசலுக்கு வந்தார். அவருடைய பங்காளி வண்டிப்பாதையை முள் போட்டு அடைத்து, நாளுக்கு நாள் உழுது சேர்த்துக்கொண்டிருந்தான். சாட்சிக்கு ஊரில் யாரும் வரவில்லை.

"ஒரு படம் எடுத்துக் குடு ஆத்தா. நீ கேக்குறதைச் செய்யுறேன்."

ஜெயக்கொடி மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "சாவடியில எல்லாரையும் கூட்டுங்க. அன்னைக்குச் சிரிச்சது தப்பு, கட்டுப்பாடு போட்டது தப்புன்னு நீங்களே சொல்லுங்க. மறுநாள் வந்து எடுத்துத் தாரேன்."

"அது எப்புடி ஆத்தா? இம்புட்டு வயசுக்கு அப்புறம் நான் போயி சபையில..."

"அப்ப போங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். சாவடி கூடவில்லை. ஐப்பசி மழையோடு பாதை முழுக்க உழவுக்குள் போய்விட்டது. அவருடைய வண்டி அரை மைல் சுற்றி, ஓடை வழியாகப் போக ஆரம்பித்தது. ஒரு நாள் அது ஓடை மணலில் சிக்கி நிற்பதை ஜெயக்கொடி தொட்டி மேலிருந்து பார்த்தாள். கிழவர் தனியாகச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மோட்டாரைப் போட்டு, பருத்திக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனாள்.